மூடிய வாய்க்குள்

மலாயாவின் ஜொகூர் பாருவில் கடலைப் பார்த்த பல் டாக்டரின் மாடியறை. காலை வெயில் தண்ணீரில் பட்டு எழும்பி வந்து கூரைப் பலகையில் அலை அலையாக நெளிகிறது. சாய்ந்த நாற்காலியில் கிடக்கிற பிலோமினா அதையே பார்க்கிறாள். ஊரைப் பிடித்திருக்கிற ஜப்பான்காரன் கண்ணில் படக்கூடாதென்று அம்மா அவள் தலைமுடியை ஒட்ட வெட்டி, முகமெல்லாம் கரி பூசி அழைத்து வந்திருக்கிறாள். "கம்பிய அவுத்துடுங்க டாக்டர். கோணப் பல்லாவே இருக்கட்டும். இப்ப அழகா இருந்தாத்தான் ஆபத்து," என்கிறாள் அம்மா. கம்பி கட்டிப் பல்லை நேராக்கலாம் என்று இந்த ஊருக்கு முதலில் காட்டிய டாக்டர் சவரிராயன் இடுக்கியோடு நிற்கிறார். சண்டையில் சீமைக் கம்பி வருவது நின்றுபோனதால், தன் பிடிலிலிருந்து கழற்றிய உருக்குத் தந்தியைத்தான் அவள் பல்லில் கட்டியிருக்கிறார். ஒரு தந்தி குறைந்த பிடில் சுவரில் தொங்குகிறது. "அவுத்தா பல்லு பழைய எடத்துக்கே போயிரும்மா," என்கிறவர், பிலோமினா பக்கம் குனிகிறார். "பல்லு உன்னோடது. நீ சொல்லு." கீழே ராணுவ லாரி ஒன்று போகிறது. மேசைமேல் கண்ணாடிக் குவளை நடுங்கி அடங்குகிறது. பேசும்போதெல்லாம் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறவள், கையை மடியில் வைத்துவிட்டு வாயைத் திறக்கிறாள். டாக்டர் தந்தியை அவிழ்க்காமல் இன்னும் ஒரு முறுக்கு இறுக்க, வலி மெல்லிய சுருதியாகக் காதுவரை ஏறுகிறது. "வெளிய பல்லக் காட்டிராதடி," என்று சொல்லி, அழிந்த இடத்தில் அம்மா மறுபடி கரியைத் தடவுகிறாள். பிலோமினா உதடுகளை மூடிக்கொண்டு படியிறங்குகிறாள். கரி பூசிய முகத்துக்குள், யாரும் பார்க்காத இருட்டில், ஒரு பல் தன் புது இடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.