பன்றியிடம் தோற்ற வீரன்

பெண் பார்க்க வந்தவன் மூன்றாவது தடவையாகச் செத்துக் கிடந்தான். ஆனி மேரி முறுக்கைக் கடித்துக்கொண்டே, "எழுந்திரிங்க. மறுபடியும் மொதல்லேர்ந்து" என்றாள்.

கொன்றது ஒரு காட்டுப்பன்றி. கம்ப்யூட்டர் விளையாட்டின் முதல் காட்டில், புதிதாக வருகிறவர்களுக்குப் பயம் தெளியட்டும் என்று விட்டிருக்கும் நோஞ்சான் பன்றி. அதனிடம் ஒருத்தன் மூன்று முறை சாவதை அவள் இன்றுதான் பார்க்கிறாள்.

கூடத்தில் பெரியவர்கள் கேசரி தின்றபடி பேசிக்கொண்டிருந்தார்கள். "ரெண்டு பேரும் தனியா பேசட்டும்" என்று இந்த அறைக்குள் அனுப்பிவிட்டு, கதவை மட்டும் திறந்தே வைத்திருந்தார்கள். தவளக்குப்பத்திலிருந்து வந்திருந்த சகாய சுரேஷுக்குப் பேச எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆனி வழக்கம்போல அவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தாள்.

வருகிற மாப்பிள்ளைகளுக்கெல்லாம் அவள் வைக்கும் பரீட்சை இது. ஒரு போர்வீரனை உருவாக்க வேண்டும். கையில் இருபது பாயிண்ட். பலம், தாக்குப்பிடிக்கும் சக்தி, வேகம், அழகு என்று எதில் எவ்வளவு போடுவது என்பது அவரவர் புத்தி.

முன்பு வந்த ஒருத்தன் இருபதையும் பலத்தில் போட்டான். பெண்டாட்டியை அடிப்பான் என்று முடிவுகட்டி அனுப்பிவிட்டாள். இன்னொருத்தன் ஒன்றைக்கூடச் செலவழிக்காமல் சேர்த்து வைத்தான். அவனோடு கிறிஸ்துமஸுக்குப் புடவை எடுக்கப் போவதை நினைத்துப் பார்த்தாள். அவனும் போனான்.

இந்த முறை அவ்வளவு சுலபமில்லை. அப்பா செபாஸ்டின் நேற்றே சொல்லிவிட்டார். "புடிக்கலன்னா ஒழுங்கா காரணம் சொல்லு. சும்மா வேணாம்னா, ஃபாதர்கிட்ட சொல்லி வர்ற ஞாயித்துக்கெழமையே ஓலை படிக்க வெச்சிடுவேன்." கோயிலில் எல்லோர் முன்னாலும் கல்யாண ஓலை படித்துவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க முடியாது.

"இதுக்கு முன்னாடி ஆடியிருக்கீங்களா?"

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"பாயிண்ட்ட மாத்திப் போடலாம். அந்தப் பக்கத்துக்குப் போவணும்னா…"

எந்தப் பொத்தான் என்று அவள் சொல்வதற்குள் அவன் விரல் ஒன்றைத் தட்டியது. பக்கம் திறந்தது. கண்டதையும் தட்டுகிற ரகம் போல என்று ஆனி உதட்டைச் சுழித்தாள்.

அவன் தாடையைத் தடவித் தடவி யோசித்தான். பிறகு பதினைந்து பாயிண்ட்டை அழகில் போட்டான்.

"வீரனுக்கு இன்னாத்துக்குங்க அழகு? பன்னியக் கட்டிக்கப் போறாரா?"

"பாக்க லட்சணமா இருக்கணும் இல்லிங்களா."

அடுத்து, கேடயத்தை விற்றான். அதற்குக் கிடைத்த காசில் மயிலிறகு செருகிய தொப்பி ஒன்று வாங்கினான்.

ஆனி தலையில் அடித்துக்கொண்டாள். வீரன் என்றால் முதலில் அடி தாங்க வேண்டும். கேடயத்துக்குப் பின்னால் பொறுமையாக நின்று, எதிரி அசரும் நேரம் பார்த்து வெட்ட வேண்டும். அவள் தன் வீரனை அப்படித்தான் வளர்த்திருந்தாள். உச்சி முதல் பாதம் வரை இரும்பு. கடைசிக் கோட்டையைக் காக்கும் நாகத்திடம் மட்டும் அவன் இரண்டு மாதமாக அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தான். அதை அவள் யாரிடமும் சொல்வதில்லை.

மயிலிறகுத் தொப்பி மண்ணில் சாய்ந்தது. பன்றி உறுமிவிட்டு மேயப் போனது.

"ஓடவாச்சும் செய்யலாமில்ல?"

"பன்னிதானன்னு நின்னுட்டேங்க."

கூடத்திலிருந்து அவன் அம்மா ரோஸி மேரியின் குரல் கணீரென்று வந்தது. "எம்புள்ள எம்பேச்சத் தட்டவே மாட்டான். அவனுக்குன்னு தனியா ஒரு வார்த்த கெடையாது. எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்கு. உங்களுக்குச் சரின்னா இன்னிக்கே தட்டு மாத்திக்கலாம்."

சகாய சுரேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கேடயமும் இல்லை, வாயும் இல்லை என்று நினைத்தபடி ஆனி எழுந்து அடுப்படிக்குப் போனாள். அப்பா பின்னாலேயே வந்தார்.

"இன்னாடி காரணம்?"

"பன்னிகிட்ட நாலு தரம் செத்தாருப்பா."

"அது கேம்டி."

"கையில இருக்கற கேடயத்த வித்துத் தொப்பி வாங்கறாரு. நாளைக்கு வூட்ட வித்து கார் வாங்குவாரு."

மூலக்குளத்து மனையை விற்று கார் வாங்கிய தன் தம்பி யூஜினை அவர் நினைத்திருக்க வேண்டும். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் கூடத்துக்குப் போனார்.

"பொண்ணு மேல படிக்கணும்னு சொல்லுதுங்க."

ரோஸி மேரி கேசரித் தட்டைத் தரையில் வைத்த சத்தம் அடுப்படிவரை கேட்டது.

எல்லோரும் செருப்பு மாட்டும் நேரத்தில், போனை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு சகாய சுரேஷ் திரும்பி வந்தான். ஆனி அதற்குள் தன் வீரனை நாகத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியிருந்தாள்.

"இது நாகம். உங்களுக்குப் பன்னியே ஜாஸ்தி" என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

அவன் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே கை நீட்டி, அவள் வீரனின் இரும்புச் சட்டையைக் கழற்றி எறிந்தான். நாகத்தின் வால் சுழன்று வந்தது. கனம் குறைந்த வீரன் அதைத் தாண்டிக் குதித்து, அதன் கழுத்தில் வாளோடு இறங்கினான்.

நாகம் சரிந்தது. இரண்டு மாதமாகத் திறக்காத கோட்டைக் கதவு திறந்தது.

ஆனியின் கையில் பாதி முறுக்கு அப்படியே இருந்தது. "அப்ப பன்னிகிட்ட…?"

அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கூடத்துக்குக் கேட்காத குரலில் சொன்னான்.

"நான் வேணாம்னு சொன்னா எங்கம்மா கேக்காதுங்க. நீங்க சொன்னா கேட்டுத்தான ஆவணும்."