சிறகுள்ளவர்களின் மலை

லிந்துலைத் தேயிலைத் தோட்டத்து மழை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் தகரக் கூரையில் அறைகிறது. தான் எழுதும் கதைக்காகத் தம்பி திலக்ஷன் வரைந்து தந்த கற்பனைக் கண்டத்தின் வரைபடத்தை விரித்த ஜெயந்தினிக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கடல் சரி, உப்புப் பாலைவனம் சரி. ஆனால் சிறகு முளைத்த மக்களின் மலையுச்சியில் தோட்டத்துத் துரையுடையது போல ஒரு பங்களா நிற்கிறது. அதன் காலடியில், வீட்டுக்கு வீடு பொதுச்சுவரோடு ஒட்டிய லயங்கள். “பறக்குற சனத்துக்குமாடா லயம்?” என்று கத்துகிறாள். “மலைன்னா லயம் இருக்கும்தானேக்கா,” என்கிறான் அவன், நிஜமாகவே விளங்காமல். தாள் கசங்கக் கசங்கப் பங்களாவை முதலில் அழிக்கிறாள், பிறகு லயங்களை. “இங்க பாரு, ஆளுக்கொரு தனி வீடு,” என்று பென்சிலைப் பிடுங்கித் தானே வரைகிறாள். கூரை, கதவு, ஜன்னல். பக்கத்தில் இன்னொரு வீடு. பென்சில் அப்படியே நிற்கிறது. இரண்டு வீட்டுக்கும் நடுவே அவள் போட்டிருப்பது ஒரே சுவர்.