வேர்க்காத மாப்பிள்ளை

“மாப்பிள்ளை, கொஞ்சம் திரும்புங்க. முதுகையும் பார்த்துடுறேன்” என்றார் சிம்வாசா.

லிம்பானி மரியாதையாகத் திரும்பி நின்றான். முதுகிலும் சட்டை காய்ந்தே இருந்தது.

“ஆகா, இஸ்திரி கூடக் கலையல. காலையிலேர்ந்து கொல்லையில மண்ணை ஏத்திப் பார் போட்டீங்களா, இல்ல கொல்லைக்கு ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்தீங்களா?”

மாமரத்தடியில் கூடியிருந்த உறவுக்கூட்டம் சிரித்தது. கல்யாணம் ஆனதும் பெண்டாட்டி ஊரோடு வந்து, அவள் வீட்டு மக்காச்சோளக் கொல்லையில் உழைப்பதுதான் அந்த ஊர் வழக்கப்படி மாப்பிள்ளைக்கு அழகு. உழைக்காதவனைத் திருப்பி அனுப்பும் உரிமை பெண்ணின் தாய்மாமனுக்கு உண்டு. சிம்வாசா இதுவரை இரண்டு பேரை அனுப்பியிருந்தார்.

“அதோ உங்க சகலையைப் பாருங்க.”

அந்தப் பக்கத்தில் கோடை உச்சமான அக்டோபர் வெயிலில் ஃபைசன் மண்வெட்டியோடு குனிந்திருந்தான். சட்டை தெப்பமாக நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“மாமா, நான் நாலு மாசம். இவரை அனுப்பிட்டா நான் என்ன பண்ணுவேன்?” என்று லிம்பானியின் மனைவி சிசோமோ அழுதாள்.

“நல்லா அழும்மா. உங்க ரெண்டு பேர்ல ஒருத்தராவது நனையணும் இல்லையா?”

அவர் தீர்ப்புச் சொல்லும் நேரத்தில் சுகாதார ஊழியர் கஞ்சேரே சைக்கிளில் வந்து இறங்கினார்.

“ஐயா, உங்க மாப்பிள்ளை விஷயமாத்தான் வந்தேன். போன வாரம் க்ளினிக் வந்திருந்தார். சட்டைக்குள்ள உடம்பு பூரா தோல் அழற்சி. தோல் அப்படித் தடிச்சுப் போனா வேர்வை வெளிய வர வழி அடைபட்டுடும். சூடு உள்ளேயே நிக்கும். உச்சி வெயில்ல வேலை வாங்கினீங்கன்னா மயங்கி விழுந்துடுவார். கூச்சப்படுறார், தானா சொல்ல மாட்டார்.”

சிசோமோ ஏதோ சொல்ல வாயெடுத்தாள். லிம்பானி அவள் கையை அழுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

“நான் கிளம்புறேன், இன்னும் நாலு ஊர் போகணும்” என்று கஞ்சேரே சைக்கிளைத் திருப்பினார்.

சிம்வாசாவின் குரல் தழைந்தது. “இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா மாப்பிள்ளை? நான் ஒரு முட்டாள். சிசோமோ, நிழல்ல பாயைப் போடு. அந்தச் சிவப்புக் கோழியை அடிச்சுக் குழம்பு வை. இவர் பங்குக்கும் சேர்த்து ஃபைசன் பார் போடட்டும். அவனுக்கென்ன, யானை பலம்.”

லிம்பானி பாயில் சாய்ந்து கண்ணை மூடினான்.

கொல்லையோரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன கஞ்சேரே சட்டென்று நின்று, மாமரத்தடி வரை கேட்கும்படி கத்தினார்.

“ஃபைசன், உங்க உடம்பைப் பத்தி மாமாகிட்ட இப்பதான் சொல்லிட்டு வரேன், முதல்ல நிழலுக்குப் போங்க. வேர்க்காத உடம்பாச்சேன்னு சட்டையைத் தண்ணியில நனைச்சுப் போட்டுக்கச் சொன்னா, அதுக்காக உச்சி வெயில்லயா நிப்பீங்க?”