தூசி உறிஞ்சாத மெஷின்கள்

“கையை வாய்கிட்ட வச்சுப் பாருங்க சார். மூச்சு இழுக்குதுல்ல?”

அறிவழகன் குனிந்து உள்ளங்கையை நீட்டினார். “லேசா இழுக்குது.”

“லேசாவா? இதுக்கு வயசு அறுபதத் தாண்டிடுச்சு சார். எனக்கே அவ்ளோ வராது” என்று பெருமையோடு சொல்லி வைத்திலிங்கம் சுவிட்சை அணைத்தார். உறுமிக்கொண்டிருந்த பழைய வேக்குவம் கிளீனர் இருமி ஓய்ந்தது.

சிதம்பரத்தில் அவர் வீட்டு மாடி அறை முழுக்க இதே சாமான்தான். பரங்கிப்பேட்டையில் ஒரு வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து கப்பலில் வந்தது, நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர்கள் போட்டுவிட்டுப் போனது, ராக்கெட் போல் நீளமாகப் படுத்திருப்பது. கடலூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். கூட ஓய்வு பெற்றவர்கள் காசி, ராமேஸ்வரம் என்று கிளம்ப, இவர் பழைய இரும்புக் கடைகளுக்குக் கிளம்பினார். கடலூர் முதுநகர் கடைக்காரர்கள் இவரைக் கண்டாலே நாற்காலி எடுத்துப் போட்டார்கள்.

இத்தனையும் வைத்துக்கொண்டு அறையைத் தினமும் துடைப்பத்தால்தான் பெருக்கினார். பழைய மோட்டாருக்குத் தூசி ஆகாதாம். இதை யாரிடமாவது சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிடும்.

சொல்லத்தான் ஆள் இல்லை. கடைசியாக மகள் சத்யப்பிரியாவின் மாமியாருக்கு ஓட்டிக் காட்டியதில், மெஷின் அந்த அம்மாளின் முந்தானையைக் கவ்விக்கொண்டது. அன்றிலிருந்து சம்பந்தி வீட்டார் வாசலோடு பேசிவிட்டுப் போகிறார்கள்.

அதனால்தான் மனைவி சந்திரலேகா, “கடலூர்லேர்ந்து ஒருத்தர் வராருங்க. உங்க மெஷினெல்லாம் பாக்கணுமாம்” என்றதும் வைத்திலிங்கம் புதுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வந்த அறிவழகன் நன்றாகவே விசாரித்தார்.

“இதுங்ககூடப் பேசுவீங்களா?”

“பேசாம? திட்டினாத்தான் சார் சிலது ஸ்டார்ட்டே ஆவும்.”

“பதில் சொல்லுமா?”

“எங்க வீட்டம்மாவ விடக் கம்மியாத்தான் சொல்லும்.”

“ராத்திரி தூக்கம் எப்படி?”

“மோட்டார் ஓடினா எனக்கு நல்லா வரும். தெருவுக்குத்தான் வராது.”

அறிவழகன் சிரிக்கவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். உண்மையான ரசிகன் இப்படித்தான் அழுத்தமாக இருப்பான் என்று வைத்திலிங்கம் நினைத்துக்கொண்டார்.

போகப் போகக் கேள்விகள் மாறின. அறிவழகன் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தார். “இந்தப் பித்தளை மூடி ஒரிஜினலா?” என்றார். “நான் ஒருதடவ போட்டுப் பாக்கட்டுமா?” என்றார். சட்டைப் பையில் போன் அடித்து அடித்து ஓய்ந்ததைக் கவனிக்கவே இல்லை.

ஒருவழியாக அவர் எழுந்து கீழே இறங்கினார். வைத்திலிங்கம் குழாயைச் சுருட்டிக் கழுத்தில் போட்டபடி வழியனுப்பப் பின்னாலேயே வந்தார். மாடிப்படித் திருப்பத்தில் சந்திரலேகாவின் கிசுகிசுப்பு கேட்டது.

“என்னா டாக்டர், ரொம்ப முத்திப் போச்சுங்களா? மாத்திரையில சரியாயிடுமா, இல்ல உங்க ஆஸ்பத்திரியிலயே சேத்துடணுமா?”

வைத்திலிங்கம் அப்படியே நின்றுவிட்டார். படிக்கட்டுச் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியில் ஒரு ஆள் தெரிந்தான். கழுத்தில் ரப்பர் குழாய், கையில் பிரஷ், மூக்கு நுனியில் கரித் தூசி. இவனை மனநல டாக்டரிடம் காட்டாமல் வேறு யாரிடம் காட்டுவது?

அழுத்தமான ரசிகனாம்! தன்னை நினைத்துச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. பாவம், இவள் எத்தனை நாள் தனியாகக் கலங்கினாளோ. நாளைக்கே எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி முதுநகருக்கே அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். கண் கலங்கியது.

கீழே டாக்டர் தொண்டையைச் செருமினார். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மாத்திரையெல்லாம் கெடக்கட்டும்மா. அந்த மெஷின்ல ஒன்னு எனக்குத் தருவாரா?”