ஆடிட் தேதி தெரிந்த நாய்கள்

"அப்போ, நாய்களுக்கு ஆடிட் தேதி தெரியும்னு சொல்றீங்க?"

தலைமை தாங்கிய பேராசிரியர் கேட்டதும் ஹாலே சிரித்தது. ஸ்ரீபெரும்புதூர் ஓட்டலில் கால்நடை மருத்துவர்கள் மாநாடு. மேடையில் நின்ற டாக்டர் காவேரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. வாலாஜாபாத்தில் மாடுகளுக்கு ஊசி போட்ட நேரம் போக, பத்து மாசம் மெனக்கெட்டு எழுதிய ஆராய்ச்சி அது.

"ஏழு ஆடிட் பார்த்துட்டேன் சார். ஏழு தடவையும் அப்படித்தான்."

விஷயம் இதுதான். ஒரகடத்தில் ஒரு கார் பாகக் கம்பெனி. அதன் கேட்டில் ஒன்பது தெருநாய்கள். வெளிநாட்டு கஸ்டமர்கள் திடீர் திடீரென்று கம்பெனியைச் சோதிக்க ஆடிட்டுக்கு வருவார்கள். அதற்கு முதல் நாள் மத்தியானம்தான் ஹெச்.ஆர். மேனேஜருக்கே தகவல் வரும். அன்று சாயந்தரமே ஒன்பதும் மாயமாகிவிடும். ஆடிட் முடிந்த மறுநாள் ஆடி அசைந்து திரும்பி வரும்.

"மேனேஜருக்கு டென்ஷன் ஏறுது. நடை மாறுது, வேர்வை வாடை மாறுது. நாய்கள் அதை மோப்பம் பிடிச்சு ஒதுங்கிடுதுங்கறது என் ஊகம்."

எல்லார் தலையும் முதல் வரிசைக்குத் திரும்பியது. சாட்சாத் அந்த மேனேஜர் ஸ்ரீதரே அங்கே உட்கார்ந்திருந்தார். மாநாட்டுப் பையும் மத்தியானச் சாப்பாடும் அவர் கம்பெனி உபயம். மனுஷன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

லேசுப்பட்ட ஆளில்லை அவர். 'ஆடிட் அன்று கேட்டில் நாய் தென்பட்டால் நாய் பிடிக்கும் வேன் வரும், நாய்க்கு இடம் கொடுக்கும் செக்யூரிட்டிக்கு வேலை போகும்' என்று நோட்டீஸ் ஒட்டிய புண்ணியவான்.

பேராசிரியர் விடுவதாயில்லை. "திரும்பி வரும்போது எடை கூடியிருக்குன்னும் போட்டிருக்கீங்களே. பயந்து ஓடின நாய் இளைக்கணுமே அம்மா. யாரோ சோறு போடறாங்க. எங்கே போகுதுன்னு பின்னாடியே போய்ப் பார்த்தீங்களா?"

காவேரி பின்னாலேயே போய்த்தான் பார்த்தாள். போன புதன்கிழமைதான், இன்னொரு ஆடிட்டுக்கு முதல் நாள், பேப்பர் அச்சுக்குப் போன பிறகு.

ஏரிக்கரையில் இடிந்து கிடந்த செங்கல் சூளை. ஒன்பதும் வாலை ஆட்டிக்கொண்டு யார் பின்னால் போயின என்று நினைக்கிறீர்கள்? கேட் செக்யூரிட்டி பெருமாள்சாமி. எந்நேரமும் லத்தியால் தரையைத் தட்டி அவற்றை விரட்டுகிற ஆசாமி. பேப்பரில் அவரை 'அச்சுறுத்தல்' என்ற தலைப்பின் கீழ் போட்டிருந்தாள் காவேரி. அவர் தலையில் ஒரு சோற்று அண்டா.

அவளைக் கண்டதும் பெருமாள்சாமி அண்டாவை இறக்கி வைத்துவிட்டுக் கும்பிட்டார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்.

"டாக்டரம்மா, வெளிய சொல்லிராதிய. வேன் வந்தா கழுத்துல கம்பிய மாட்டி இழுத்துட்டுப் போயிருவாக, பாக்க மனசு வரலை. சீதர் சாருக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை போயிரும். மூத்தவளுக்கு இப்பத்தான் நர்சிங் சீட்டு கிடைச்சிருக்கு."

"சோறு ஏது?"

"யாரு வைக்காகன்னு தெரியலம்மா. கேன்டீன்காரகளாத்தான் இருக்கும், விருந்தாளிக்குச் சாப்பாடு சொல்லும்போது அவுகளுக்குத் தெரிஞ்சிரும்லா. ஆடிட்டுக்கு முந்தின நா செக்யூரிட்டி ரூமுக்குப் பின்னால ஒரு அண்டா இருக்கும். அதைப் பாத்ததும் நான் புரிஞ்சுக்கிடுவேன். இந்நா பாருங்க, இன்னைக்கு அவிச்ச முட்டை வேற கெடக்கு."

இப்போது மேடையில் பேராசிரியர் பதிலுக்குக் காத்திருந்தார். ஸ்ரீதர் நாற்காலி நுனிக்கு வந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். சிறந்த பேப்பர் பரிசுகூடக் கிடைக்கலாம். ஆனால் நாளைக்கே பெருமாள்சாமி மூட்டையைக் கட்டணும், ஒன்பதும் வேனில் ஏறணும். தப்பென்று தெரிந்த ஆராய்ச்சியைச் சரியென்று சாதிக்கவும் அவளுக்கு வாய் வரவில்லை.

"போய்ப் பார்த்திருக்கணும் சார். பார்க்கலை. அதனால என் முடிவு செல்லாது. பேப்பரை வாபஸ் வாங்கிக்கறேன்."

பின்வரிசையில் யாரோ, "இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பில்டப்பு?" என்றது மேடை வரைக்கும் கேட்டது. பரிசு எருமைக் கறவை பற்றிப் பேசியவருக்குப் போனது. காவேரிக்கு அவமானத்தில் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு மூலையில் நின்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். தட்டோடு வந்து நின்றார் ஸ்ரீதர்.

"மேடம், போன புதன்கிழமை உங்க ஸ்கூட்டி சூளைப் பக்கம் நின்னுக்கிட்டிருந்துச்சு."

காவேரி எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டாள்.

"அது வேற யாருடையதாவது இருக்கும் சார். நான் அந்தப் பக்கமே வரலை."

ஸ்ரீதர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"நோட்டீஸ் ஒட்டறது என் உத்தியோகம் மேடம், எனக்கு மேலயும் ஆள் இருக்கு. பெருமாள்சாமிகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதீங்க, அப்புறம் கேட்டுல யாருக்கும் என்கிட்ட பயம் இருக்காது."

காவேரி ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தாள். அவர் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டார்.

"அதை விடுங்க. சினையா இருக்குதே அந்தச் செவலை நாய், அது முட்டையைத் தின்னுச்சா?"