ஓய்வறைப் புள்ளி

"உன் புருஷன் காலையிலேர்ந்து ஓய்வறையில மல்லாந்து கிடக்கான், வந்து பாரும்மா!" என்று திரையைக் காட்டினார் மேலாளர். தொழிலாளிகளின் கழுத்து அட்டைகளை வைஃபை பெட்டிகள் மோப்பம் பிடித்து, யார் எந்த அறையில் என்று அதில் புள்ளி வைத்துவிடும்.

"அங்கேருந்துதான் சார் வரேன். ஈ காக்கா இல்ல," என்றாள் பொட்டலம் கட்டுகிறவள். "சாப்பிடவும் வரல. பயமா இருக்கு."

"மிஷின் பொய் சொல்லும், நீ மட்டும் அரிச்சந்திரன் பேத்தி! அவனை வேலையை விட்டே தூக்கிட்டேன், போ."

அவள் நகரவில்லை. "புள்ளி சுவரை ஒட்டி நிக்குதே, அந்தப் பக்கம் என்ன சார்?"

"குளிர்கிடங்கு. உள்ள புள்ளி இல்லேன்னா கதவு தானாப் பூட்டிக்கும். நான் பண்ணின ஏற்பாடு," என்றார் பெருமையாக.

அவள் அலறிக்கொண்டு ஓடினாள். மூட்டை தூக்குகிறவர்கள் கடப்பாரையால் கதவை நெம்பினார்கள். மீன் பெட்டிகளுக்கு நடுவே அவன் கைகால் விறைத்து, பல் கிட்டி, மூச்சு மட்டும் மிச்சமாகக் கிடந்தான்.

அவனை வெளியே தூக்கி வந்தபோதுதான் மேலாளர் வந்து சேர்ந்தார்.

"மிஷினை யாரும் குறை சொல்லாதீங்க," என்றார். "புள்ளி இருக்கிற இடத்துல இவன்தான் இருந்திருக்கணும்."