பெரிய வெள்ளியன்று ஒரு கத்தி

சவுரியம்மாள் கோவிலுக்குள் நுழைந்தபோது இடுப்பில் கத்தி செருகியிருந்தாள்.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் அவள் புருஷன் ராயப்பன் வைத்திருந்த கத்தி. ஆள் போய்விட்டான், கத்தியில் கூர் அப்படியே இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை. பீடத்துக்கு முன்னால் சிலுவை. அதில் தொங்கும் ஆண்டவரின் ஆளுயர மரச் சுரூபத்தை இறக்கி, பெட்டியில் வைத்து ஊர்வலம் போவார்கள். இறக்குவதும் சுமப்பதும் பெரிய தெருக்காரர்கள் பாத்தியதை. கோவிலின் பின்புறம் ஒரு கயிறு கட்டியிருக்கும். தோல் ஷாப்பு ஜனங்கள் அதற்கு அந்தப் பக்கம் நின்று அழுதுகொள்ளலாம். அழுகைக்குத் தீட்டில்லை.

ஷாப்பில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டிமேல் போட்டிருந்த பலகை உளுத்துப்போனது மேஸ்திரிக்குத் தெரியும். அது முறிந்து ராயப்பன் உள்ளே விழுந்து செத்ததும், குடித்துவிட்டு விழுந்தான் என்று சொல்லிவிட்டார். உடம்பைத் தூக்கிய கலீமுல்லா பாய் பங்குச் சாமியாரிடம் நேரே வந்து, அவன் சாராயத்தைத் தொட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார். சாமியார் காதில் ஏறவில்லை. குடிகாரனுக்கு மந்திரித்த மண் கிடையாது என்று, கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே கள்ளிப் புதரோரம் புதைக்கச் சொன்னார். மணிகூட அடிக்கவில்லை.

மனுஷர்களை விடு. சிலுவையில் தொங்குகிறவர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்? அவள் கோபமெல்லாம் அவர்மேல்தான்.

ஏணி சாத்தி ஆணிகளைக் கழற்றினார்கள். சுரூபத்தின் கைகள் மெல்லத் தாழ்ந்தன.

சவுரியம்மாள் கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து முன்னால் நடந்தாள்.

"எங்கடி வர்ற? தொட்டுடாத!" என்று பூசைக்கு உதவும் கோவில்பிள்ளை கத்தினார்.

எங்கே மேலே பட்டுவிடுவாளோ என்று, சுரூபத்தைத் தாங்கியிருந்த பெரிய தெருக்காரர்கள் பிடியை விட்டு விலகினார்கள். தீட்டுக்கு முன்னால் தெய்வம் எம்மாத்திரம்!

மொத்த பாரமும் அவள்மேல் சரிந்தது. தாங்கிக்கொண்டாள். மரக்கை ஒன்று அவள் முதுகைச் சுற்றி விழுந்தது.

கன்னத்தருகே சுரூபத்தின் தோள். கை மடங்குவதற்காக மூட்டில் தைத்திருந்த தோலில் ஆவாரம்பட்டை வாசனை. ராயப்பன் சட்டையில் அடிக்கிற அதே வாசனை.

போன வருஷம் அந்த மூட்டுத் தோல் கிழிந்தபோது அவனைத்தான் பின்வாசலுக்குக் கூப்பிட்டார்கள். நல்ல ஆட்டுத்தோலாகப் பார்த்துப் பதமிட்டு, கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தான். அவன் தொட்டதற்காகத் தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துப் போனார்கள்.

அந்தத் தோலை அறுத்து எடுத்துப் போகத்தான் அவள் கத்தியோடு வந்திருந்தாள். அவனுக்கு இடமில்லாத கோவிலில் அவன் உழைப்பு மட்டும் எதற்கு?

ஆனால் அறுக்கக் கை ஒழியவில்லை. இரண்டு கையிலும் அவர் இருந்தார்.

பெட்டியில் வை, வை என்று எட்ட நின்றே கூச்சல் போட்டார்கள். அவள் தொட்டதைத் தொட ஒருவரும் கிட்டே வரவில்லை.

கயிற்றுக்குப் பின்னாலிருந்து அவள் ஜனங்கள் ஓடிவந்து கால்மாட்டைப் பிடித்தார்கள். அவள் முன்னால் நடந்தாள். பெட்டியைத் தாண்டி, வாசலைத் தாண்டி, கல்லறைத் தோட்டத்துச் சுவரைச் சுற்றிக்கொண்டு போய், கள்ளிப் புதரோரம் இறக்கினார்கள்.

சவுரியம்மாள் மரக்கையைத் தூக்கி, பக்கத்திலிருந்த மண்மேட்டின்மேல் போட்டாள். மூட்டு நன்றாகவே மடங்கியது.

"ஞாயித்துக்கெழம நீ எழுந்துக்குவ இல்ல? இவரையும் எழுப்பிக் கூட்டினு வா."